முகமாலையில் ஒரு மீற்றர் மண்

"ஒரு நாளைக்கு எத்தனை மிதிவெடி எடுப்பீங்கள்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். பல நாள் ஒன்றுகூட எடுத்ததில்லை. ஆணி, சன்னக் கோது, ஷெல் துண்டு, பங்கருக்குப் போட்ட தகரத்தின் நுனி, இவற்றை எடுத்தே கிழமைகள் போயிருக்கின்றன. வேலையின் பாரம் முழுக்க அதில்தான் கிடந்தது. அதனால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

நான் 2014 இல் மிதிவெடி அகற்றும் வேலையில் சேர்ந்தேன். 2009 இல் கணவரை இழந்திருந்தேன், இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். கிளிநொச்சிப் பக்கம் மாதம் தவறாமல் சம்பளம் வரும் வேலை அப்போது அபூர்வம். பெண்களையும் எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னா. அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நான்காம் நாள் விடிய எழும்பிப் புட்டு அவித்துக் கட்டித் தந்தா.

பயிற்சி சில கிழமைகள். முழங்காலில் இருப்பது, மண்ணுக்குள் இரும்பு இருந்தால் சத்தம் போடும் டிடெக்டரைத் தரையில் தட்டாமல் ஒரே உயரத்தில் ஆட்டுவது, காயப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு அம்புலன்ஸுக்கு ஓடுவது. அந்த ஓட்டத்தைப் பிறகும் அடிக்கடி பழகினோம். முகக்கவசமும் மார்புக் கவசமும் போட்டுக்கொண்டு பங்குனி வெயிலில் ஒருவரைக் காவிப் பார்த்தால்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

முகமாலை எப்படிப்பட்ட இடம் என்று சொல்ல வேண்டும். ஏ9 வீதியில் ஆனையிறவையும் பளையையும் தாண்டி வடக்கே போனால் வரும். 2000 ஆம் ஆண்டு ஆனையிறவு வீழ்ந்ததிலிருந்து 2009 தொடக்கம் வரை இராணுவமும் புலிகளும் இங்கே நேருக்கு நேர் நின்றார்கள். கிளாலிக் கடலோரத்திலிருந்து நாகர்கோவில் வரைக்கும் மண் அரண்கள். இரண்டு பக்கமும் வெடி புதைத்தார்கள், அதற்கு மேல் இரண்டு பக்கத்து ஷெல்லும் விழுந்தது. நான் போனபோது தலை இல்லாத பனைகள்தான் வரிசையாக நின்றன.

இராணுவம் பாகிஸ்தானின் பி4, சீனத்து டைப் 72 போன்றவற்றைப் புதைத்திருந்தது. புலிகள் தாங்களே செய்த மிதிவெடிகளைப் புதைத்தார்கள், அவற்றை ஊரில் ஜொனி என்பார்கள். டைப் 72 உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் வெடி. இரும்பு அதற்குள் பெயருக்குத்தான் இருக்கிறது. அதைப் பிடிக்கிற அளவுக்கு டிடெக்டரைக் கூர்மையாக வைத்தால், முகமாலை மண்ணில் கால் அடிக்கு ஒரு சத்தம் கேட்கும். சத்தத்தை வைத்து இது ஷெல் துண்டு, இது வெடி என்று பிரிக்க முடியாது. அதனால் டிடெக்டரை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சொன்ன ஆழம் வரைக்கும் முழு நிலத்தையுமே கையால் கிளற வேண்டி வந்தது.

அதற்குத்தான் விறாண்டி. தோட்டத்தில் குப்பை வாருகிற அதே விறாண்டிதான், பிடி மட்டும் நீளம். பாரமானது ஒன்று மண்ணை இளக்க, இலேசானது ஒன்று இளகிய மண்ணைத் தன் பக்கம் இழுக்க. ஒரு மீற்றர் அகலப் பாதை, முன்னால் குறுக்கே ஒரு சிவப்புத் தடி. தடிக்கு இந்தப் பக்கம் பார்த்து முடித்த நிலம், அந்தப் பக்கம் பார்க்காத நிலம். கொஞ்சம் கொஞ்சமாகத் தடியை நகர்த்திப் போவோம். வெடியின் அழுத்தத் தட்டு மேலேதான் இருக்கும், ஆகவே பக்கத்திலிருந்து மண்ணைத் தின்றுகொண்டே போய் அதன் விலாவைத்தான் முதலில் காண வேண்டும். நல்ல நாளில் மூன்று நான்கு சதுர மீற்றர் முடியும். வெயிலில் இறுகிக் கிடந்தால் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுக் கிண்ட வேண்டும், அன்றைக்கு ஒன்றுகூட முடியாது. கார்த்திகை, மார்கழியில் பள்ளமெல்லாம் வெள்ளம். வேலை நின்றுபோகும்.

இரண்டாம் மாதம் ஒரு பிழை விட்டேன். காலையிலிருந்து நாற்பது ஐம்பது துண்டு எடுத்திருப்பேன், எல்லாம் ஷெல் இரும்பு. அடுத்ததும் அதுதான் என்று மனம் தானாகச் சொல்லிவிட்டது. தடியைத் தாண்டிக் கை வைத்து ஒரு வேரைப் பிடுங்கப் போனேன். பின்னால் விசில் கேட்டது. சுப்பர்வைசர் ஏசவில்லை. கூப்பிட்டு, கவசத்தைக் கழற்றச் சொல்லி, அன்று முழுக்கத் தறப்பாளுக்குக் கீழே இருக்க வைத்தார். ஐம்பது தடவை இரும்பு வந்தாலும் ஐம்பத்தோராவது தடவையும் வெடி என்றே தொட வேண்டும். அன்று தறப்பாளுக்குக் கீழே இருந்து பிள்ளைகளை நினைத்து அழுதேன். இந்த வேலையை நான் உண்மையில் படித்தது அன்றைக்குத்தான்.

முதல் வெடி அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து. விறாண்டியின் பல்லில் மண் உதிர, மங்கல் பச்சையில் ஒரு வளைவு தெரிந்தது. வடலி வேர் ஒன்று அதைச் சுற்றி வளர்ந்து, ஒரு பக்கம் சரித்து வைத்திருந்தது. உடனே நிறுத்தினேன், கையை உயர்த்தினேன், வந்த வழியே பின்னால் நடந்தேன். மிச்சத்தை மூத்தவர்கள் பார்த்தார்கள். பின்னேரம் அதை வெடிக்க வைத்த சத்தம் கேட்டபோது பக்கத்துப் பாதை அக்கா என் கையைப் பிடித்திருந்தா.

இராணுவம் வரிசையாகப் புதைத்த இடங்களில் இரண்டு மூன்று கிடைத்தால் இடைவெளி பிடிபட்டுவிடும். பிறகு வருகிற பயம் வேறு. வரிசையில் ஒன்று இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். ஆடு மாடு மிதித்து வெடித்ததா, வெள்ளம் அரித்ததா, வேர் தள்ளியதா? அந்த ஒன்றுக்காகச் சுற்றிலும் எவ்வளவு கிண்டியிருப்போம்!

தடுப்புக் கயிற்றுக்கு அப்பால் ஒரு ஐயா சைக்கிளில் வருவார். எங்கள் பகுதிக்குள்தான் அவருடைய தென்னங்காணி இருந்தது. "பிள்ளை, என்ர காணி எப்ப முடியும்?" முதல் வருடம், "கெதியா முடியும் ஐயா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். பிறகு ஒரு நாள் வாளியில் சேர்ந்த இரும்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். "இது உங்கட காணியில ஒரு மீற்றருக்குள்ள இருந்தது, ஐயா." ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு எப்போது என்று கேட்கவில்லை. "இண்டைக்கு எவ்வளவு?" என்பார். நானும் "இரண்டரை மீற்றர் ஐயா" என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார்.

இலங்கை மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் 2017 டிசம்பரில் சேர்ந்தது. 2018 யூனில் அது நடைமுறைக்கு வந்தது, நிலத்தைத் துப்புரவாக்கப் பத்து வருடக் கெடு. செய்தியில் அந்த வருடக் கணக்கைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஐயாவின் மீற்றர்க் கணக்குத்தான் ஞாபகம் வரும்.

அவருடைய காணி முடிந்தது. நாங்கள் முடித்த பின் வேறு ஆட்கள் வந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திரும்பக் கிண்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று எழுதின பிறகுதான் கயிறு அவிழ்ந்தது. ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நான் முழங்காலில் நகர்ந்த இடமெல்லாம் வெறும் காலோடு நடந்து, வீட்டு அத்திவாரம் இருந்த இடத்தைக் காட்டினார், மாமரம் நின்ற இடத்தைக் காட்டினார். கிணறு மட்டும் மிச்சம். தூர்ந்து போயிருந்தது, உள்ளே என்ன விழுந்து கிடக்கிறதோ என்று அதைச் சுற்றிச் சிவப்புத் தடிகளை விட்டு வைத்திருந்தோம்.

தடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"நல்ல தண்ணி, பிள்ளை," என்றார்.