வன்னிக் குளங்களைத் தரவுத்தளங்களில் தேடுதல்

இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக் குளங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத இறங்குபவர்கள் முதல் தேடலிலேயே இடறிவிடுகிறார்கள். காட்டுக்கரைக் குளத்தை அந்தப் பெயரில் மட்டும் தேடினால் பல கட்டுரைகள் தப்பிவிடும். ஆங்கிலத்தில் அது 'ஜயன்ட்ஸ் டாங்க்'. வன்னியை ஆங்கிலத்தில் 'வீ' போட்டும் எழுதுவார்கள், 'டபிள்யூ' போட்டும் எழுதுவார்கள். முல்லைத்தீவுக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றல்ல. ஆகவே கணினியைத் தொடமுன் ஒரு தாளில் இடம், குளம், பிரச்சினை என்று மூன்று நிரல் போட்டு, மாற்றுப் பெயர்களை எல்லாம் எழுதுங்கள்.

ஒரு நிரலில் உள்ளவற்றை ஆங்கில 'ஓர்' (OR, அல்லது) போட்டு அடைப்புக்குறிக்குள் வையுங்கள். நிரல்களை 'அண்ட்' (AND, மற்றும்) போட்டு இணையுங்கள். அடைப்புக்குறி விடுபட்டால் சொற்கள் வேறு விதமாகச் சேர்ந்து, தண்ணீர்த் தாங்கி, மீன்தொட்டி எல்லாம் வந்து குவியும். இரண்டு சொல் பெயருக்கு இரட்டை மேற்கோள் குறி கட்டாயம். 'முல்லை' வரை ஆங்கிலத்தில் எழுதி உடுக்குறி (*) போட்டால் மிச்ச எழுத்து எப்படி இருந்தாலும் பிடிபடும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகிள் ஸ்கொலரில் இந்த உடுக்குறி வேலை செய்யாது, அங்கே ஒவ்வொன்றாக எழுதத்தான் வேண்டும். 'ஓர்' ஆங்கிலப் பெரிய எழுத்திலும் (OR) இருக்க வேண்டும். எத்தனை ஆயிரம் முடிவு என்று காட்டினாலும் ஸ்கொலர் 1000க்கு மேல் திறந்து காட்டாது.

தொடங்க நல்ல இடம் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன். உள்நாட்டு ஆய்விதழ்கள் அங்கே இலவசம். விவசாயம், நீர்ப்பாசனம் என்றால் அடுத்து விவசாய ஆய்வுகளுக்கான தரவுத்தளமான அக்ரிஸ். சந்தா கட்டும் தரவுத்தளங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக இணைய முகவரியை வைத்தே ஆளை அடையாளம் காண்கின்றன. பம்பைமடுவிலோ அறிவியல்நகரிலோ பல்கலைக்கழக வளாகத்துக்குள் திறந்த கட்டுரை, மாங்குளத்தில் வீட்டிலிருந்து பார்க்கும்போது காசு கேட்பது இதனால்தான். காசு கட்ட வேண்டாம். வெளியிலிருந்து நுழைய வழி உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். ஸ்கொலரில் அதே கட்டுரையின் மற்றப் பிரதிகளைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கே மின்னஞ்சல் போடுங்கள். பலர் மனமுவந்து அனுப்புவார்கள்.

தமிழ்ச் சிறப்பு மலர்களும் பிரதேச வெளியீடுகளும் இந்தத் தளங்களில் அகப்படுவது அரிது. அவற்றுக்கு 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத் தளம் இருக்கிறது. அங்குள்ளவை பெரும்பாலும் பக்கங்களைப் படமாக வருடியவை. உள்ளே இருக்கும் வரியைத் தேடினால் அகப்படாமல் போகலாம், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு கொண்டு தேடுங்கள்.

பொருத்தமான ஒரு கட்டுரை கிடைத்தால் அதன் உசாத்துணைப் பட்டியலில் பின்னோக்கியும், அதை மேற்கோள் காட்டியவற்றில் முன்னோக்கியும் போங்கள். ஒவ்வொரு தேடலுக்கும் திகதி, தளம், தேடிய வரி, வந்த எண்ணிக்கை ஆகிய நான்கையும் உடனே குறித்து வையுங்கள். முறையியல் பகுதி எழுதும்போது மேற்பார்வையாளர் கேட்பது இதைத்தான்.