ஆற்றிலிருந்து நிலக்கரிக்கு: மான்செஸ்டர் நாட்குறிப்பு

மார்ச் 8, சனி

இங்கிலாந்தில், மான்செஸ்டர் பக்கத்து ஸ்டைல் கிராமத்தில், பொலின் ஆற்றங்கரையில் இருக்கும் குவாரி பேங்க் நூற்பாலைக்குப் போயிருந்தோம். 1784இல் சாமுவேல் கிரெக் தொடங்கியது, இப்போது அருங்காட்சியகம். விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் தலைக்கு மேல் ஓயாத இரைச்சல். உள்ளே சில தறிகளை ஓடவிட்டதும் அந்த இரைச்சலும் அமுங்கிப்போனது. இந்த வட்டாரத்து லங்காஷயர் தறிக்கூடங்களில் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே ஊர்க்கதை பேசிக்கொள்வார்களாம். பலருக்குக் காது போயிருக்கிறது.

என்னை நிறுத்தி வைத்தது 'மியூல்' என்ற நூற்பு இயந்திரம். நூல் சுற்றும் கதிர்கள் பொருத்திய நீளமான வண்டி முன்னால் வந்து இழையை இழுத்து முறுக்கும், பின்னால் போகும்போது சுற்றிக்கொள்ளும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியில் தவழ்ந்து பஞ்சுத் தூசியைக் கூட்டி எடுக்க ஒரு பிள்ளை. அறுந்த இழையை ஒட்ட இன்னொரு பிள்ளை. கோவைப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் சைடர்கள் (நூற்பு இயந்திரத்தைக் கவனிக்கும் தொழிலாளர்கள்) இழை ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டாவது வேலை புரியும்.

மார்ச் 9, ஞாயிறு

பிள்ளைகளை ஏன் வைத்தார்கள்? கூலி மிச்சம் என்பது பாதி பதில்தான். மீதி பதில், ஆற்றுத் தண்ணீர்.

1771இல் நூற்பாலை முன்னோடி ரிச்சர்ட் ஆர்க்ரைட் குரோம்ஃபோர்டு என்ற கிராமத்தில் ஆலை போட்ட காலத்தில் இயந்திரத்தைச் சுற்ற வேகமாக இறங்கும் தண்ணீர் வேண்டும். அப்படிப்பட்ட தண்ணீர் இருக்கும் பள்ளத்தாக்கில் ஆள் கிடைக்காது. இருந்த கொஞ்சப் பேருக்கும் நாள் முழுக்க அடைந்து கிடக்கும் மில் வேலை பிடிக்காது. அதனால் ஏழை விடுதிகளில் இருந்த பிள்ளைகளை 'பயிற்சியாளர்' என்று எழுதி வாங்கி அனுப்பினார்கள். விடுதிக்குச் சோற்றுச் செலவு மிச்சம், முதலாளிக்கு ஆள் கிடைத்தது. குவாரி பேங்கில் அவர்களுக்கென்று 1790இல் கட்டிய வீடு அப்படியே இருக்கிறது. ஒரு காலத்தில் 90 பிள்ளைகள் வரை தங்கியிருந்தார்கள்.

1806இல் இரண்டு பையன்கள் அம்மாவைப் பார்க்க லண்டனுக்கு ஓடிவிட்டார்கள். பிடிபட்டு நீதிபதி முன் கொடுத்த வாக்குமூலம் இன்றும் கிடைக்கிறது. அதில் ஒருவன் தாமஸ் பிரீஸ்ட்லி, வயது 13, இயந்திரத்தில் ஒரு விரல் போயிருந்தது.

கிரெக் அந்தக் காலத்து 'நல்ல முதலாளி'. பிள்ளைகளுக்கு மருத்துவர்கூட வைத்திருந்தார். கரீபியன் தீவான டொமினிக்காவில் அவருக்கு அடிமைகள் உழைத்த தோட்டமும் இருந்தது.

மார்ச் 15, சனி

தொழிற்புரட்சி ஏன் இங்கிலாந்தில் முதலில் வந்தது என்று நண்பர் கேட்டார். பள்ளியில் 'கண்டுபிடிப்பாளர்கள் பிறந்தார்கள்' என்று முடித்துவிடுவார்கள். எனக்குத் துணியிலிருந்து தொடங்கத் தோன்றுகிறது. நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் போன அச்சுத் துணிகள் அங்கே அப்படி விற்றன. கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழ, 1721இல் அச்சிட்ட பருத்தித் துணி பெரும்பாலானவற்றை உடுத்தவே தடை போட்டார்கள். ஆசையைத் தடை செய்ய முடியுமா? அந்தத் துணியை அங்கேயே செய்யலாம் என்றால், இந்தியக் கூலிக்கு இங்கிலாந்தில் ஆள் நூற்க மாட்டார். அங்கே கூலி அதிகம், நிலக்கரி மலிவு. அந்தக் கணக்கில்தான் இயந்திரத்துக்குப் போட்ட காசு திரும்பி வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

மான்செஸ்டரின் பழைய ஆலைப் பகுதியான ஆன்கோட்ஸில் கால்வாய் ஓரம் நடந்தேன். செங்கல் ஆலைகளெல்லாம் இப்போது விலை உயர்ந்த அடுக்குமாடி வீடுகள், காபிக் கடைகள். நீராவி வந்ததும் ஆலைக்கு ஆறு தேவைப்படவில்லை. நிலக்கரி வந்து சேரும் ஊர் போதும். 1801இல் முக்கால் லட்சம் பேர் அளவில் இருந்த மான்செஸ்டர் 1851இல் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. சாக்கடைக்கு யாரும் திட்டம் போடவில்லை.

1842இல் சுகாதாரச் சீர்திருத்தக்காரர் எட்வின் சாட்விக் வெளியிட்ட அறிக்கையில், மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்களில் இறப்பின் சராசரி வயது 17. குழந்தைச் சாவுகள் சேர்ந்த கணக்கு அது. அதே ஊர்க் கனவான் குடும்பங்களில் 38. ரட்லண்ட் மாவட்டத்தின் கிராமப்புறத்துக் கூலிக்காரருக்கும் அதே 38.

நகரத்தில் அனாதைப் பிள்ளைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. அம்மா அப்பாவே கூட்டிவந்தார்கள், ஒரு கூலியில் குடும்பம் ஓடாது. 1833இல் ஒன்பது வயதுக்குக் கீழே யாரையும் பஞ்சாலையில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் நான்கே ஆய்வாளர்கள். சரி, வயதுக்கு அத்தாட்சி? அரசு பிறப்புப் பதிவே 1837இல்தான் தொடங்கியது. அதுவரை மருத்துவர் ஏற இறங்கப் பார்த்து, ஒன்பது வயதுக்கான உடல் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும்.