"டிராஃபிக் இன் சைட்" என்று சொல்லும் முன்: என் பிரைவேட் பைலட் செக்ரைடு அனுபவம்

போன சனிக்கிழமை செக்ரைடில், அதாவது விமானி உரிமத்துக்கான கடைசித் தேர்வில், இரண்டாவது முயற்சியில் பாஸ். எழுத்துத் தேர்வில் 92 வாங்கியிருந்தேன், ஓரலும் (வாய்மொழித் தேர்வு) முதல் தடவையே சுமூகமாக முடிந்தது. கோட்டை விட்டது பறக்கும்போதுதான்.

சான் டியேகோவில் மான்ட்கோமரி ஃபீல்டில் படித்தேன். தலைக்கு மேலே பிராவோ (அனுமதி இல்லாமல் நுழையக் கூடாத கிளாஸ் பி வான்வெளி), பக்கத்திலேயே நகர விமான நிலையத்துக்கு இறங்கும் போயிங்குகள். முதல் செக்ரைடில் திரும்பி வரும்போது கன்ட்ரோலர், "இரண்டு மணி திசை, நாலு மைல், 737, இறங்குகிறது" என்றார். வலப்பக்கம் ஏதோ மின்னியது. உடனே "டிராஃபிக் இன் சைட்" (அந்த விமானத்தைப் பார்த்துவிட்டேன்) என்றேன். "எங்கே, கையைக் காட்டுங்கள்" என்றார் எக்ஸாமினர். நான் காட்டியது ஒரு சின்ன செஸ்னா. போயிங் அதற்கு மேலே, இன்னும் பின்னால் இருந்தது. அங்கேயே தோல்வி. அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அன்று இரவு 1978 செப்டம்பர் 25 விபத்தைப் பற்றிப் படித்தேன். நான் தினமும் கிளம்பும் அதே மான்ட்கோமரியிலிருந்து போன செஸ்னா 172 அது. லிண்ட்பெர்க் ஃபீல்டில் (அந்த நகர விமான நிலையம்தான்) கருவிகளைப் பார்த்தே தரையிறங்க நெருங்கும் அப்ரோச் பழகிவிட்டு வடகிழக்கே போய்க்கொண்டிருந்தது. பிஎஸ்ஏ 182 என்ற பயணிகள் விமானம், ஒரு போயிங் 727, தரையிறங்க வந்தது. செஸ்னாவைப் பார்த்துவிட்டதாக அந்த விமானிகள் சொன்னார்கள். அந்த ஒரு பதிலோடு இரண்டு விமானங்களையும் பிரித்து வைக்கும் பொறுப்பு கன்ட்ரோலரிடமிருந்து அவர்கள் கைக்கு வந்துவிட்டது. அப்புறம் செஸ்னா கண்ணில் படவில்லை. வலப்பக்கமாகக் கடந்து போயிருக்கும் என்று நினைத்தார்களே தவிர, "பார்வையிலிருந்து தவறிவிட்டது" என்று தெளிவாகச் சொல்லவில்லை. செஸ்னாவும் கொடுத்த 070 டிகிரி திசையை விட்டு 090க்கு (நேர் கிழக்கே) திரும்பியதை யாருக்கும் சொல்லவில்லை. சுமார் 2,600 அடி உயரத்தில் மோதல். தரையில் இருந்த 7 பேரோடு சேர்த்து 144 பேர் இறந்தார்கள்.

நான் யோசிக்காமல் சொன்னதும் அதே வார்த்தைதான். இதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

எனக்குப் பதற்றம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். உங்களுக்கும் அப்படியென்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள்: கன்ட்ரோலர் சொன்னதும் மைக் பட்டனைத் தொடாதீர்கள். திசை, தூரம், ரகம், உயரம் நாலும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் "நெகட்டிவ் கான்டாக்ட்" (தெரியவில்லை). அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பார்த்ததைத் தொலைத்துவிட்டால் அதையும் உடனே சொல்லுங்கள்.

ஓரலுக்கு என் குறிப்பிலிருந்து:

- கிளாஸ் பிக்குள் போக "கிளியர்டு" என்ற சொல் காதில் விழ வேண்டும். சி, டி வகை வான்வெளிக்கு உங்கள் கால்சைனை (விமானத்தின் அழைப்புப் பெயர்) சொல்லிப் பதில் வந்தாலே போதும். கால்சைன் இல்லாத "ஸ்டாண்ட்பை" கணக்கில் வராது.
- பிராவோ விமான நிலையத்தைச் சுற்றி 30 நாட்டிக்கல் மைலுக்கு உயரம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் சிக்னல் அனுப்பும் கருவி) ஏன்? 1986 செரிட்டோஸ். அனுமதி இல்லாமல் லாஸ் ஏஞ்சல்ஸ் வான்வெளிக்குள் தவறிப் போன பைப்பர் சிறு விமானமும் ஏரோமெக்ஸிகோ டிசி-9ம் மோதி 82 பேர் இறந்தார்கள். பைப்பரின் டிரான்ஸ்பாண்டர் உயரத்தைச் சொல்லும் வகை இல்லை. கதை தெரிந்தால் விதி மறக்காது.
- பெரிய விமானத்தின் டிகாஸ் (மோதல் எச்சரிக்கைக் கருவி) நம்மைக் கண்டுபிடிப்பதும் நம் டிரான்ஸ்பாண்டரை வைத்துத்தான். அதை அணைத்துவிட்டால் அதற்கு நாம் இல்லை. உயரம் வராவிட்டால் ஏறு, இறங்கு என்று அதனால் சொல்ல முடியாது.
- குறுக்கே சந்தித்தால் வலப்பக்கம் இருப்பவருக்கே முன்னுரிமை. ஜெட் என்பதால் சலுகை இல்லை. ஆனாலும் நான் ஒதுங்கிவிடுவேன்.

12.5 நொடி என்ற கணக்கை மனப்பாடம் செய்தால் போதாது, போட்டுப் பாருங்கள். கண்ணில் பட்டு, புரிந்து, முடிவெடுத்து, விமானம் திரும்பத் தொடங்க ஆகும் நேரம் அது. 250 நாட் ஜெட்டும் 100 நாட் செஸ்னாவும் நேருக்கு நேர் வந்தால் அதற்குள் இடைவெளி இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் குறைந்துவிடும். அதனால்தான் பத்துப் பத்து டிகிரியாக, ஒவ்வொன்றிலும் ஒரு நொடியாவது நிறுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். கண்ணாடியில் நகராமல் ஒரே இடத்தில் நின்று பெரிதாகும் புள்ளிதான் ஆபத்து. மற்ற விமானங்கள்தான் ஐபேடில் தெரிகிறதே என்று தலையைக் குனிந்துகொண்டு இருக்காதீர்கள்.

மறுதேர்வில் தவறிய பகுதி மட்டும்தான். 60 நாளுக்குள் போய்விட்டேன். வழியில் இரண்டு தடவை டிராஃபிக் சொன்னார்கள். முதல் தடவை "நெகட்டிவ் கான்டாக்ட்" என்றேன், கன்ட்ரோலர் இருபது டிகிரி இடப்பக்கம் திருப்பிவிட்டார். இரண்டாவது தடவை பார்த்தேன், விரலால் காட்டினேன், அதற்கப்புறம்தான் பட்டனை அழுத்தினேன். எக்ஸாமினர் தலையை மட்டும் ஆட்டினார்.