5 ஹெக்டேரைத் தாண்டினால்தான் ஊரைக் கேட்பார்கள்

எங்கள் ஊர்க் கரட்டில் புதுக் கல் குவாரி வரப்போகிறது என்று டீக்கடையில்தான் முதலில் கேள்விப்பட்டேன். மறுநாளே நாலு பேர் சேர்ந்து விசாரிக்கப் போனோம். "சின்ன குவாரிங்க, 2.40 ஹெக்டேர்தான். இதுக்கெல்லாம் ஊரைக் கூட்டிக் கேக்க மாட்டாங்க" என்றார் விவரம் தெரிந்த ஒருவர். அது பாதிதான் சரி என்று தெரிய இரண்டு மாதம் ஆனது.

2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இதற்கெல்லாம் அடிப்படை. பெரிய திட்டங்கள் 'ஏ' வகை, அவற்றை டெல்லி பார்க்கும். மற்றவை 'பி', அவை மாநில ஆணையத்துக்குப் போகும். இந்தப் பி-க்குள் இருக்கும் பிரிவுதான் எங்களுக்கு முக்கியமாக இருந்தது. பி2 என்றால் படிவம், முன் சாத்தியக்கூறு அறிக்கை, மேலாண்மைத் திட்டம், அவ்வளவுதான். பி1 என்றால் முழுத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டும், பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் வேண்டும்.

5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரி பி2-வில் போய்விடும். ஆனால் 500 மீட்டருக்குள் வேறு குவாரிகள் இருந்தால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும், கூட்டினால் 5-ஐத் தாண்டினால் பி1. ஒரே கரட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குத்தகை எடுத்து அனுமதியிலிருந்து தப்புவதை 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கவனித்தது. அதற்குப் பிறகு வந்த விதி இது. சுற்றியுள்ள குவாரிகளைச் சொல்லிக் கனிமவளத் துறை உதவி இயக்குநர் தரும் '500 மீட்டர் கடிதம்', சுற்றுச்சூழல் அனுமதிக்கான பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பத்தோடு இருக்கும். எங்கள் கடிதத்தில் ஓடிக்கொண்டிருக்கும் குவாரி 1.85, இன்னொரு புது விண்ணப்பம் 1.30. எங்கள் கரட்டுக்கு வரும் 2.40-ஐயும் சேர்த்தால் 5.55 ஹெக்டேர். அந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊருக்குப் பேச இடம் இருக்கிறது!

ஒரு பருவத்துக்குக் காற்று, தண்ணீர், சத்தம் எல்லாம் அளந்து வரைவு அறிக்கை வந்தது. கூட்டத்துக்கு 30 நாள் முன்னால் நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும், வந்தது. தமிழில் சுருக்கம் சில பக்கம்தான், முழு அறிக்கை ஆங்கிலம். அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். பஞ்சாயத்து அலுவலகத்தில் அவளும் நானும் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து படித்தோம். எல்லாவற்றையும் படிக்க முடியாவிட்டால் மூன்றாம் அத்தியாயத்தையாவது விடாதீர்கள். சுற்றுவட்டாரத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று சொல்லும் பகுதி அது. அடுத்து, என்ன பாதிப்பு வரும் என்று சொல்லும் நான்கு, மேலாண்மைத் திட்டம் உள்ள பத்து.

எங்கள் அறிக்கையின் மூன்றாம் அத்தியாயத்தில் நீர்நிலைப் பட்டியலில் ஊர்க் குட்டை இல்லை. ஆடு மாடெல்லாம் தண்ணி குடிக்கும் குட்டை அது. குடியிருப்பு பற்றிய பக்கத்தில் '300 மீட்டருக்குள் வீடுகள் இல்லை' என்று ஒரே வரி. தமிழ்நாடு சிறுகனிம விதிகளின்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது. மேற்கு வளவில் கடைசி வீட்டுச் சுவரிலிருந்து குவாரி எல்லைக்கல் வரை கூகுள் வரைபடத்தில் அளந்தோம், 280 சொச்சம் காட்டியது. பக்க எண், அதில் சொல்லியிருப்பது, நாங்கள் கண்டது என்று மூன்று கட்டம் போட்டு எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். வாயால் பேசுவதைவிட இந்தக் காகிதம்தான் பின்னால் நின்றது.

கூட்டத்தன்று பந்தல், ஷாமியானா, வீடியோ கேமரா. மாவட்ட வருவாய் அலுவலர் தலைமை. எங்கள் பெரியத்தைக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும், மைக்கைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. "ஏனுங்க சாமி, ஏற்கெனவே இருக்கற குவாரியில வெடி போட்டாவே எங்கூட்டு ஓடு நகருதுங்க. நாயித்துக்கெழமை வந்து நில்லுங்க, காட்டறனுங்க." அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள். வேலை கிடைக்கும் என்று ஆதரித்துப் பேசிய பையன்களும் இருந்தார்கள். அவர்கள் தேவையும் உண்மைதான், யாரும் கூச்சல் போடவில்லை. கடைசியில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்தார்கள். அதுவரை இருங்கள், கிளம்பிவிடாதீர்கள். வாசித்தபோது குட்டை விட்டுப்போயிருந்தது. எழுந்து சொன்னோம், சேர்த்தார்கள்.

இந்தக் கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. நூறு பேர் எதிர்த்தாலும் திட்டம் அங்கேயே நின்றுவிடாது. ஆனால் எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு எங்கள் காகிதத்தைப் பார்த்துவிட்டு, 50, 100, 200, 300 மீட்டர் என்று வட்டம் வட்டமாகக் கட்டடங்களைக் கணக்கெடுத்து, கிராம நிர்வாக அலுவலரின் சான்றோடு வரச் சொன்னது. சர்வேயர் வந்து அளந்தார்: 276 மீட்டர்.

மேற்குப் பக்கம் ஒரு பட்டையை விட்டுவிட்டுத் திருத்திய திட்டம் கொடுத்திருக்கிறார்கள். அனுமதி வந்தால் அதை எதிர்த்துத் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள் அவகாசம் உண்டு, அதனால் வாரம் ஒருமுறை பரிவேஷ் தளத்தைத் திறந்து பார்த்துவிடுகிறேன். போன வாரம் திருத்திய அறிக்கை ஏறியிருந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் எங்கள் குட்டை இருக்கிறது. பெரியத்தைக்குப் படித்துக் காட்டினேன். "பேரு சரியாப் போட்டிருக்கானா கண்ணு?" என்று கேட்டார்.