நாய் எப்போது வரும்?

டிசம்பர் 4, ஆக்லாந்து

இந்த ஆண்டும் தப்பவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் தயிர் டப்பாவின் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே மணியோசை, பின்னாலேயே, படக்கதை நாய் ஸ்னூப்பி போர் விமானியாக வரும் பாட்டு, 'ஸ்னூப்பியின் கிறிஸ்துமஸ்'. வெளியே சுள்ளென்று வெயில். உள்ளே போர் விமானங்கள். அமெரிக்காவில் பிறந்த பாட்டு நியூசிலாந்தில் இப்படிக் குடியேறிவிட்டது. எனக்கு முன்னால் நின்ற பாட்டி பில் போட்டு முடியும்வரை உதடசைத்தார். பாடியவர்கள் யார் என்று கேட்டிருந்தால் விழித்திருப்பார். நானும் அப்படித்தான்.

டிசம்பர் 6

தேடிப் பிடித்துவிட்டேன்: ராயல் கார்ட்ஸ்மென். ஃப்ளோரிடாவின் ஒகாலா ஊர் இளைஞர்கள் ஆறு பேர். அரண்மனைக் காவலர் என்று நினைக்க வைக்கும் இந்தப் பெயர், வாக்ஸ் நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபையர் ஒன்றிலிருந்து எடுத்தது!

1966 இறுதியில் வந்தது அவர்களுடைய முதல் ஸ்னூப்பி பாட்டு. நாய்வீட்டுக் கூரையில் உட்கார்ந்து, தான் முதல் உலகப் போர் விமானி என்று கற்பனை செய்யும் 'பீனட்ஸ்' படக்கதை நாய், 'ரெட் பேரன்' (சிவப்புப் பிரபு) என்ற எதிரி விமானியோடு மோதுகிறது. இந்த ரெட் பேரன் நிஜ மனிதர். 80 விமானங்களை வீழ்த்தி 1918-இல் மாண்ட ஜெர்மன் விமானி ரிச்ட்ஹோஃபன். ஜெர்மன் மொழிக் கூச்சல், ராணுவ டிரம், விழுந்தவர்களைப் பத்துப் பத்தாக எண்ணும் கோரஸ். சாவுக் கணக்கைக் குழந்தைகள் துள்ளிக்கொண்டு பாடுவது எனக்கு இன்னும் நெருடுகிறது. அமெரிக்க இசைப் பட்டியலில் பாட்டு 2-ஆம் இடம்வரை ஏறியது. முதலிடத்தில் மங்கீஸ் குழு அசையாமல் உட்கார்ந்திருந்தது.

டிசம்பர் 9

நாயின் சொந்தக்காரரிடம் யாரும் கேட்கவில்லை! படக்கதையை வரைந்த சார்லஸ் ஷுல்ட்ஸ் தரப்பு வழக்குப் போட்டு வென்றது. பாட்டின் பதிப்புரிமை வருமானம் அந்தப் பக்கம் போனது. ஆனால், மேலும் ஸ்னூப்பி பாட்டுகள் போட அனுமதியும் கிடைத்தது. அடுத்தடுத்த பாட்டுகளில் ரெட் பேரன் திரும்பி வந்தான், 1967-இல் கிறிஸ்துமஸ் வந்தது, 1968-இல் நாய் ஜனாதிபதித் தேர்தலுக்கே நின்றது. இரவல் மாட்டை வைத்து எத்தனை போகம் உழுவார்கள்?

கிறிஸ்துமஸ் பாட்டை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சுடுவதற்குக் குறி வைத்துவிட்ட ரெட் பேரன், மணியோசை கேட்டதும் நாயைத் தரையிறக்கி, மது ஊற்றி வாழ்த்தி அனுப்புகிறான்.

டிசம்பர் 15

முதல் பாட்டை எழுதிய இருவரில் ஒருவர் டிக் ஹோலர். 1968-இல் ராபர்ட் கென்னடி கொல்லப்பட்ட பிறகு 'ஆபிரகாம், மார்ட்டின் அண்ட் ஜான்' என்ற அஞ்சலிப் பாட்டை எழுதியவரும் இவரே. அதைப் பாடகர் டியான் பாட, ராயல் கார்ட்ஸ்மென் பாட்டுகளை வெளியிட்ட அதே லாரி ரெக்கார்ட்ஸ் நிறுவனம் வெளியிட்டது. எழுதியவருக்கு நாயிடமிருந்து விடுதலை, பாடியவர்களுக்கு இல்லை.

டிசம்பர் 23

நாயே இல்லாத அவர்களுடைய காதல் பாட்டு 'பேபி லெட்ஸ் வெயிட்'. இதுவும் முதல் நாற்பதுக்குள் வந்ததுதான். இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். நல்ல குரல்கள், அவசரமில்லாத மெட்டு. பாட்டு முடியும் தறுவாயில் மகன் கதவருகே வந்து நின்றான்.

"அப்பா, நாய் எப்போது வரும்?"