மணப்பெண் மின்தூக்கியில் இறங்குகிறாள்

முதன்முதலாக ஒரு சீனத் திருமணத்தைப் படமெடுக்கப் போனபோது கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். எங்கள் தொழிலில் கறுப்புதான் சீருடை மாதிரி. கண்ணாடியில் நம் பிம்பம் தெரியாது, யாருடைய படத்திலாவது ஓரத்தில் சிக்கினாலும் உறுத்தாது. காலை ஆறரை மணிக்கு, சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு பழைய அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாம் மாடியில், கதவு திறந்தது. பெண்ணின் பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பெண்ணின் அப்பா சங்கடத்தோடு சிரித்துக்கொண்டே ஒரு சிவப்பு பனியன் சட்டையை என்னிடம் நீட்டினார். சமூக மன்றத்துப் பூப்பந்துப் போட்டியில் கொடுத்தது. இரண்டு அளவு பெரியது. அன்று முழுவதும் நான் பூப்பந்து வீரனாகவே திரிந்தேன்.

கறுப்பு அவர்களுக்குத் துக்க வீட்டு நிறம், வெள்ளையும் அப்படித்தான். நம் கல்யாண வீடுகளில் கறுப்புப் புடவையைக் கண்டால் மூத்தவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அடுத்த வீட்டுக்குப் போகும்போது அது நினைவுக்கு வரவில்லை. ஆனால் மணப்பெண்ணின் வெள்ளை கவுனுக்கு மட்டும் எப்படியோ விலக்குக் கிடைத்துவிட்டது. பாட்டிகள் அதை எப்போது மன்னித்தார்கள் என்று எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு பதினான்கு ஆண்டுகளாக சிங்கப்பூரில் திருமணப் படம் எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் சீனக் குடும்பங்கள். பையில் எப்போதும் ஒரு மெரூன் சட்டை இருக்கும். விலைப்பட்டியலில் நான்கு என்ற எண் இருக்காது. அவர்கள் மொழிகளில் நான்கும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி. ஒருமுறை 2,400 வெள்ளி (டாலர்) கேட்டேன். மணமகனின் அம்மா பேரம் பேசவில்லை, 2,388 ஆக்கிவிடுங்கள் என்றார். எட்டு அவர்களுக்கு அதிர்ஷ்ட எண். எனக்குப் பன்னிரண்டு வெள்ளி நஷ்டம், எல்லாருக்கும் திருப்தி. அவர்களுடைய சந்திர நாட்காட்டியில் ஏழாம் மாதம் ஆவிகளுடையது, அப்போது யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். நமக்கு ஆடி. இரண்டும் ஒன்றன் வாலை மற்றொன்று பிடித்துக்கொண்டு வருவதால், ஜூலை நடுவிலிருந்து ஒன்றரை மாதமோ இரண்டு மாதமோ எனக்கு வருமானம் இல்லை. லென்ஸ் துடைக்க நல்ல காலம்.

திருமணத்துக்கு முன்பு தனியே எடுக்கும் படங்களுக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் மரினா பே என்பார்கள். ஒரு சனிக்கிழமை மாலை அங்கே போய் நின்று பாருங்கள். ஒரே படிக்கட்டுக்கு நான்கைந்து கவுன்கள் வரிசையில் காத்திருக்கும். நானும் அங்கே எடுத்திருக்கிறேன், வாடகை கொடுக்க வேண்டுமே. ஆனால் அந்தப் படங்களில் முகத்தை மட்டும் மாற்றி வைத்தால் யாருக்கும் தெரியாது. அதனால் இப்போதெல்லாம் இடத்தைக் கேட்பதற்கு முன் வேறொன்று கேட்கிறேன்: சின்ன வயதில் பள்ளி விட்டு வந்தால் எங்கே இருப்பீர்கள்?

பதில்கள் வேடிக்கையாக இருக்கும். புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை. மின்சார மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் இடுக்கு. தோ பாயோ லோரோங் 6இல் இருக்கும் டிராகன் விளையாட்டுத் திடல். அந்த டிராகனை வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வடிவமைப்பாளர் கோர் இயன் கீ 1979இல் உருவாக்கினார். தலை முழுக்கச் சிறு ஓடுகள் பதித்தது, கீழே ரப்பர் விரிப்பு போடாமல் இன்னும் மணல். அங்கே எடுக்கும்போது கவுனின் அடியில் மணல் ஏறும், வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் முனகுவார். ஆனாலும் சறுக்கு மரத்தின் உச்சியில் உட்கார்ந்ததும் முப்பது வயதுக்காரர்களின் முதுகு தானாகவே வளைந்துவிடுகிறது. புன்னகை செய்யுங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பெண் ஈரச்சந்தை என்றாள். அவளுடைய அப்பா அங்கே முப்பது ஆண்டுகளாக மீன் விற்கிறார். காலை பத்தரை மணி, கூட்டம் வடிந்த நேரம். தரையெல்லாம் தண்ணீர், உருகிய பனிக்கட்டி, செதில். கவுனை நானும் அவள் தங்கையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனோம். எனக்கு மனத்துக்குள் பயம்தான். கூரையில் குழல் விளக்குகள், அதன் பச்சை தோலில் ஏறினால் யாருமே காய்ச்சல்காரர்கள் போல இருப்பார்கள். ஆனால் ஈரத்தரை அந்த வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே திருப்பி அனுப்பியது. மோவாய்க்குக் கீழே விழும் நிழலைப் போக்க ஸ்டூடியோவில் வெள்ளைப் பலகை பிடிப்போம், இங்கே தரையே அந்த வேலையைச் செய்தது. அப்பா ஏப்ரனில் கையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். பக்கத்துக் கடைக்காரர் ஒரு துண்டை எறிந்தார், அதிலும் துடைத்தார். கடைசியில் மகளின் கையைப் பிடிக்கவில்லை, கை உறை தொடங்கும் இடத்துக்கு மேலே, முழங்கையை இரண்டு விரலால் தொட்டார். அந்த இரண்டு விரல்தான் படம். மரினா பேயில் எடுத்த பன்னிரண்டையும் அவர்கள் ஆல்பத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

திருமண நாளுக்கு வருகிறேன். உண்மையில் அது முந்தின இரவே தொடங்கிவிடுகிறது. நல்ல நேரம் பார்த்துத் தலை வாரும் சடங்கு. மணப்பெண் புதுப் பைஜாமாவில் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், சிவப்பு மெழுகுவத்தி எரியும். கணவனும் பிள்ளைகளும் நலமாக உள்ள ஒரு மூத்த பெண்மணி நான்கு முறை வாருவார். நம்மூர் சுமங்கலி விதிதான். ஒவ்வொரு வாரலுக்கும் ஒரு வாழ்த்து: கடைசிவரை சேர்ந்திருக்க, நரைக்கும்வரை இணைந்திருக்க, வீடு நிறையப் பிள்ளைகள். பல வீடுகளில் வாழ்த்து மறந்துபோய் அம்மாக்கள் கைபேசியைப் பார்த்துப் படிக்கிறார்கள். அதையும் எடுக்கிறேன். கைபேசி வெளிச்சம் முகத்தில் நன்றாகவே விழுகிறது.

விடிந்தால் கலாட்டா. மாப்பிள்ளையும் நண்பர்களும் கதவைத் தட்டுவார்கள், தோழிகள் திறக்கமாட்டார்கள். புளிப்பு, இனிப்பு, கசப்பு, உறைப்பு நான்கையும் தின்று காட்ட வேண்டும். கசப்புக்குப் பெரும்பாலும் பச்சைப் பாகற்காய். அதைக் கடித்துவிட்டுத் துள்ளும் வாலிபர்களைப் பார்த்தால், குழம்பில் பாகற்காய் தின்று வளர்ந்த எனக்குச் சிரிப்பு வரும். பிறகு அங்பாவ், அதாவது பணம் வைத்த சிவப்பு உறைக்குப் பேரம், 999 வெள்ளி கேட்பார்கள். சீனத்தில் ஒன்பதும் நெடுங்காலமும் ஒரே ஒலி. இந்தப் பகுதியை எல்லாப் படக்காரர்களும் நன்றாக எடுப்பார்கள், சத்தம் இருக்கும் இடத்தில் படம் தானாகக் கிடைக்கும். இரவு விருந்தில் கிண்ணம் உயர்த்தி மூச்சு தீரும்வரை ‘யா…ம் செங்’ என்று இழுப்பதும் அப்படித்தான்.

எனக்குக் கடினமாக இருந்தது தேநீர். நம் திருமணத்தில் கெட்டிமேளம் இருக்கிறது. தவில்காரர் கை வேகமெடுக்கும்போதே என் விரலும் தயாராகிவிடும். தேநீர்ச் சடங்கில் அப்படி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மணமக்கள் மண்டியிட்டோ குனிந்தோ இரண்டு கையாலும் கோப்பையை நீட்டுவார்கள். பெரியவர் ஒரு வாய் குடிப்பார், அங்பாவ் கொடுப்பார், அடுத்தவர் வந்து உட்காருவார். ஆரம்பத்தில் நான் கோப்பை கைமாறும் நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன், எல்லாப் படமும் பரிசளிப்பு விழா போல இருந்தது. பல வீடுகள் பார்த்த பிறகே பிடிபட்டது. குடித்து முடித்துக் கோப்பை உதட்டைவிட்டு விலகும்போது, பெரியவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாத ஒரு நொடி வரும். எதிரே குனிந்திருக்கும் பிள்ளையை அப்போதுதான் அவர் பார்ப்பார். அதற்கு முன்பு கோப்பையைப் பார்ப்பார், அதற்குப் பின்பு உறையைத் தேடுவார்.

தேநீர் என்று சொன்னாலும் பல வீடுகளில் அது தித்திப்பான கஷாயம். சிவப்புப் பேரீச்சை, லொங்கான் பழம் போட்டுக் காய்ச்சியது. கடையில் பேரீச்சை என்று எழுதியிருந்தாலும் அது இலந்தையின் இனம். சீனத்தில் அதன் பெயரும் ‘சீக்கிரம்’ என்ற சொல்லும் ஒரே ஒலி. சீக்கிரம் பிள்ளை பிறக்கட்டும் என்பது கோப்பைக்குள் கிடக்கும் செய்தி.

இந்தச் சடங்கில் எனக்கு ஓர் அனுகூலம் உண்டு. உறவு சொல்லி அழைக்காமல் தேநீர் கொடுக்கக்கூடாது. ஆங்கிலத்தில் பேசும் படக்காரருக்கு அங்கிருக்கும் ஆண்கள் அனைவரும் அங்கிள். எனக்கு அப்படியில்லை. மாண்டரினில் ‘போபோ’ என்றால் பெரியப்பா, ‘ஷூஷு’ சித்தப்பா, ‘ஜியுஜியு’ தாய்மாமன், ‘கூகூ’ அத்தை. நம்மைப் போலவே தந்தை வழியையும் தாய் வழியையும் பிரித்து, அப்பாவின் சகோதரர்களில் மூத்தவர் யார் இளையவர் யார் என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். மணப்பெண் வாயெடுத்ததுமே அடுத்து வருபவர் யார், அவருக்கு எவ்வளவு மரியாதை, யாரை முன்வரிசையில் நிறுத்தாவிட்டால் இரவு விருந்தில் முகம் தூக்குவார் என்பதெல்லாம் எனக்கு விளங்கிவிடும். அம்மாவின் தங்கையை ‘ஆயி’ என்கிறார்கள். நம் சொல் போலவே காதில் விழுகிறது. இதற்கு மேல் மொழி ஆராய்ச்சி எனக்கு வேண்டாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அதே தோ பாயோ வீட்டுக்கு மறுபடி போனேன், இளையவளின் திருமணம். ஆவி மாதம் முடிந்து அவர்களுக்கு எட்டாம் மாதம் பிறந்திருந்தது. நமக்குப் புரட்டாசி, அன்று சனிக்கிழமை. பாட்டிக்குத் தொண்ணூறு நெருங்கியிருந்தது. என் மெரூன் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வழி விட்டார்.

பெண் வீட்டைவிட்டுப் புறப்படும்போது தலைக்கு மேல் சிவப்புக் குடை பிடிப்பார்கள். தாழ்வாரத்தில் அதை விரித்தார்கள். அரைச் சுவரில் பட்டுத் திரும்பிய வெயில் குடைக்குள் புகுந்து அவள் முகத்தைச் சிவப்பாக்கியது. இரண்டு பக்கமும் பூந்தொட்டி, சைக்கிள், ஊதுவத்தி செருகிய பழைய பால்மாவு டின். எதையும் நகர்த்தச் சொல்லவில்லை. மின்தூக்கிக்குள் குடை விரியாது, மடக்கினார்கள். எஃகுச் சுவரில் கவுன் வெள்ளைப் புகையாகத் தெரிந்தது. அந்த ஒன்பது மாடிகளில் அவள் யாருக்கும் சிரித்துக் காட்டவில்லை, எண்கள் குறைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டே படம் எடுத்தேன். பெண்ணின் அம்மா தன் கல்யாணக் கதையைச் சொன்னார். அந்நாளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகுதான் இந்தப் புளோக்குகளில் அது ஒவ்வொரு வாசலாக நிற்கத் தொடங்கியது. அவர் குடையோடு இரண்டு மாடி படியிறங்கினாராம், குடை பிடித்த அத்தைக்கு மூச்சு வாங்கியதாம்.

மாப்பிள்ளை வீட்டில் தேநீர் முடிந்து நண்பகலில் பெண் வீட்டுக்குத் திரும்பினோம். இங்கும் எல்லாருக்கும் தேநீர் கொடுத்து முடித்த பிறகு, அம்மா ஒரு கோப்பையை மகள் கையில் கொடுத்து வெளியே போகச் சொன்னார். பக்கத்து வீட்டு வாசலில் மாக்கோலம், நிலைப்படியில் காய்ந்த மாவிலை. காலையில் குடை போனபோதும் அங்கே ஒரு தமிழ்ப் பாட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தார் எவ்வளவு விழுக்காடு இருக்கலாம் என்று 1989 முதல் வரம்பு இருக்கிறது. ஆகவே இப்படி ஒரு வாசல் பக்கத்தில் அமைவது அதிசயமில்லை. உண்மையைச் சொன்னால், சீனப் பெண் தமிழ்ப் பாட்டிக்குத் தேநீர் கொடுக்கும் காட்சி அரசாங்கச் சுவரொட்டி போல இருக்கிறதே என்று கேமராவைத் தூக்கத் தயங்கினேன்.

பாட்டி கோப்பையை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, இதில் முட்டை ஏதும் போடவில்லையே? இன்றைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை.”

“இல்லை பாட்டி. இலந்தை மாதிரி ஒரு பழம்தான், கூடக் கொஞ்சம் சர்க்கரை.”

சுவரொட்டி அங்கேயே கிழிந்துவிட்டது. அவர் குடித்தார். கோப்பை உதட்டைவிட்டு விலகியது, நான் எடுத்துக்கொண்டேன். பிறகு உள்ளே போய், புத்தாண்டுக்கு யாரோ கொடுத்து மீந்திருந்த ஓர் அங்பாவ் உறையோடு வந்தார். கொடுக்கும்போது உள்ளே கிலுங்கியது. எனக்குத் திக்கென்றது. நாம் மொய்யில் ஒன்று சேர்த்து வைப்போம், சீனர்கள் நல்ல காரியத்துக்கு இரட்டைப்படையில்தான் வைப்பார்கள். ஒற்றைப்படை துக்க வீட்டுக்கு.

வீட்டுக்குள் வந்ததும் சீனப் பாட்டி உறையை வாங்கிக் காதருகே ஆட்டினார். பிரித்தார். இரண்டு பத்து வெள்ளித் தாளும் ஒரு வெள்ளி நாணயமும். என்னுடைய கறுப்புச் சட்டையைப் பார்த்த அதே பார்வை. பெண்ணின் அம்மா எதுவும் சொல்லாமல் நாணயத்தை எடுத்து மாமியாரின் உள்ளங்கையில் வைத்தார். நம் ஒரு வெள்ளி நாணயம் வட்டம்தான், ஆனால் அதற்குள் எட்டு மூலைச் சட்டம் ஒன்று இருக்கிறது. அம்மா சுட்டுவிரலை அதன்மேல் வைத்து ஒவ்வொரு மூலையாக நகர்த்தி, ஹொக்கியனில் ஒன்றிலிருந்து எட்டுவரை எண்ணிக் காட்டினார்.

பாட்டி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு நாணயத்தை உறைக்குள் போட்டு, மடிப்பை நகத்தால் நன்றாக அழுத்தி, பேத்தியிடம் கொடுத்தார்.