நொடிக்கு 80 மீட்டர்

விண்வெளி 100 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்குகிறது என்றுதான் நம்மில் பலரும் படித்திருக்கிறோம். கார்மன் கோடு எனப்படும் அந்த அளவு, வான்பயணச் சாதனைகளைப் பதிவுசெய்யும் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட ஒன்று. அமெரிக்க விமானப்படையோ 1960-களிலேயே 80 கிலோமீட்டரைத் தாண்டிய தன் விமானிகளுக்கு விண்வெளி வீரர் சின்னத்தை வழங்கியது. 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் எல்லை எதுவென்று வரையறுக்கவே இல்லை.

அங்கே கோடு எதுவும் இல்லாதபோதும், வான்பறப்பு அறிவியலாளர் தியோடர் வான் கார்மனின் பெயரால் வழங்கும் வாதம் அழகானது. உயரே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது; மெலிந்த காற்றில் இறக்கைகள் விமானத்தைத் தாங்க வேண்டுமானால் அது இன்னும் விரைவாகப் பறந்தாக வேண்டும்; இப்படி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் உயரத்தில், மிதப்பதற்குத் தேவையான வேகமே பூமியைச் சுற்றிவரப் போதுமான வேகம் ஆகிவிடும். அதற்குமேல் இறக்கைக்கு வேலை இல்லை. இந்த உயரம் ஏறத்தாழ 84 கிலோமீட்டர் என்பது கார்மனின் கணக்கு. 100 என்பது பின்னர் வசதிக்காக ஏற்றுக்கொள்ளப்பட்ட முழு எண். எண் எதுவாயினும், எல்லையை வேகத்தைக் கொண்டு வரையறுக்கும் இந்த வழியே சரியானது என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் உயரம் மட்டும் எதையும் விண்ணில் நிறுத்தி வைப்பதில்லை.

பன்னாட்டு விண்வெளி நிலையம் பறக்கும் 400 கிலோமீட்டர் உயரத்தில்கூடப் பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கிறது. அங்கே வீரர்கள் மிதப்பது ஈர்ப்பு இல்லாததால் அன்று. நிலையமும் அவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால். கையிலிருந்து நழுவிய கல் முதல் நொடியில் ஏறத்தாழ 5 மீட்டர் விழுகிறது. பூமியின் பரப்போ ஒவ்வொரு 8 கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 5 மீட்டர் கீழே வளைகிறது. ஆகவே நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் கிடையாக எறியப்பட்ட பொருள், காற்று குறுக்கிடாத வரை, விழும் அளவுக்குத் தரையும் விலகிக்கொண்டே போவதால், தரையைத் தொடுவதே இல்லை. மலையுச்சியில் பீரங்கியை வைத்து இதை எண்ணிப் பார்த்தவர் நியூட்டன்.

2021 ஜூலையில் ப்ளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ ஷெப்பர்ட் கலம் பயணிகளுடன் 100 கிலோமீட்டரைத் தாண்டிச் சென்று, ஏறத்தாழ பத்து நிமிடங்களில் தரைக்குத் திரும்பியது. அது விண்வெளிப் பயணம்தான். ஆனால் ஒரு கிலோகிராம் பொருளை 100 கிலோமீட்டர் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 10 லட்சம் ஜூல் ஆற்றல் போதும். அதே பொருளுக்குச் சுற்றுப்பாதை வேகத்தைத் தருவதற்கு ஏறத்தாழ 3 கோடி ஜூல் வேண்டும். ராக்கெட்டுகள் நேர் மேலே கிளம்பிச் சிறிது நேரத்திலேயே சாயத் தொடங்குவதும், எரிபொருளில் பெரும்பகுதியைக் கிடைமட்ட வேகத்துக்கே செலவிடுவதும் இதனால்தான்.

இந்த உண்மையை எனக்கு மிகத் தெளிவாக உணர்த்திய நிகழ்வு 2022 ஆகஸ்ட் 7 அன்று நடந்தது. இஸ்ரோவின் புதிய சிறிய ஏவூர்தியான எஸ்.எஸ்.எல்.வி. முதன்முறையாக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. இ.ஓ.எஸ்-02 செயற்கைக்கோளுடன், அரசுப் பள்ளி மாணவியர் 750 பேர் பங்கேற்று உருவாக்கிய ஆசாதிசாட்டும் அதில் இருந்தது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எழுந்த அதிர்வு, வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகளின் அளவெல்லையை மிகச் சிறிது நேரம் மீறியது. அவை பழுதாகிவிட்டன என்று முடிவுசெய்த கணினி, அவற்றின் அளவுகளைக் கைவிட்டு, முன்பே எழுதிவைத்த மீட்பு வழிமுறைக்கு மாறியது. அந்த வழிமுறையில் வேகக் குறைவை ஈடுசெய்ய இயலவில்லை.

செயற்கைக்கோள்கள் 356 கிலோமீட்டர் உயரத்தை எட்டவே செய்தன. கார்மன் கோட்டைப்போல் மூன்றரை மடங்கு உயரம் அது. ஆனால் 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் பதிலாக, ஒரு முனை 356, மறுமுனை 76 என்ற நீள்வட்டத்தில் அவை விடப்பட்டன. கணக்கிட்டுப் பார்த்தால், அந்த உயரத்தில் வட்டப் பாதைக்கு நொடிக்கு 7.69 கிலோமீட்டர் வேகம் தேவை. இந்த நீள்வட்டத்துக்கு 7.61. வேகத்தில் ஏற்பட்ட குறைவு நொடிக்கு 80 மீட்டர்தான், நூற்றில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு இல்லாததால், முக்கால் மணி நேரப் பயணத்திற்குள் பாதை காற்றுமண்டலத்துக்குள் இறங்கிவிடுகிறது. அங்கே எந்தச் செயற்கைக்கோளும் அந்த வேகத்தில் தாக்குப்பிடிக்காது. இரண்டையும் இழந்தோம். அந்த மாணவியரை நினைத்து வருந்தியவர்களில் நானும் ஒருவன். குறைகளைத் திருத்திய பின் 2023 பிப்ரவரி 10 அன்று புறப்பட்ட இரண்டாம் எஸ்.எஸ்.எல்.வி., ஆசாதிசாட்-2 உட்பட மூன்று செயற்கைக்கோள்களை 450 கிலோமீட்டர் வட்டப் பாதையில் சரியாக நிறுத்தியது.

சரியான பாதையை அடைந்த பின்னும் காற்று முற்றிலும் விடுவதில்லை. விண்வெளி நிலையத்தின் உயரத்திலும் மெல்லிய காற்று இருக்கிறது. அதன் இழுவையால் நிலையம் மெல்லத் தாழ்வதால், அவ்வப்போது உந்துபொறிகளை இயக்கி அதை மேலே தள்ளுகிறார்கள். 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை சில நாள்களில் விழுந்தன. சூரியப் புயலால் சூடேறிய மேல்வளிமண்டலம் விரிந்து, அவை முதலில் விடப்பட்ட 210 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தியைக் கூட்டியதே காரணம்.

ஏவுமிடமும் இதே வேகக் கணக்கைச் சேர்ந்ததுதான். கிழக்கு நோக்கி ஏவினால், ஸ்ரீஹரிகோட்டாவில் பூமியின் சுழற்சியே நொடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் வேகத்தைத் தந்துவிடுகிறது. இரு துருவங்களின் மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குத் தெற்கே செல்லும்போது அந்த உதவி கிடைப்பதில்லை. அதோடு இலங்கையின் மேல் பறக்காதபடி ராக்கெட் நடுவழியில் வளைந்து செல்லவும் வேண்டியிருக்கிறது. பி.எஸ்.எல்.வி. போன்ற பெரிய ஏவூர்தி அந்தச் செலவைத் தாங்கும். எஸ்.எஸ்.எல்.வி. சுமப்பதோ ஏறத்தாழ 500 கிலோகிராம்தான். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே நேராகக் கடல் இருப்பதால், 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட அங்குள்ள ஏவுதளம் செயல்படத் தொடங்கும்போது, வளைவதற்குச் செலவாகும் எரிபொருளின் பயன் செயற்கைக்கோளின் எடைக்கே கிடைக்கும்.